ஓடுதளம் படையினருடையது, முனையம் நம்முடையது: படைத் தளங்களில் இறங்கும் பயணிகளுக்கு ஒரு பாடம்



சென்னையிலிருந்து புனேக்கு டிக்கெட் போட்டிருக்கீங்களா? இல்லை, அந்தமானுக்கா, விசாகப்பட்டினத்துக்கா, ஸ்ரீநகருக்கா? அப்படியென்றால் உங்கள் விமானம் தரையைத் தொடப்போவது ஒரு படைத் தளத்தில். புனேயும் ஸ்ரீநகரும் விமானப்படையின் தளங்கள். விசாகப்பட்டினமும் அந்தமானின் தலைநகரும் கடற்படையின் தளங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதும் டாக்சி பிடிப்பதும் வழக்கம்போலத்தான் நடக்கும். ஆனால் சென்னை மீனம்பாக்கத்தில் இல்லாத சில விதிகள் அங்கே உண்டு.

இது தெரியாமல் மூன்று இடங்களில் மக்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோ எடுத்தவர் விசாரணைக்குப் போய் நிற்கிறார். 'தளம் மூடல்' என்று விமானம் ரத்தானவர், பணத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் பக்கம் தளத்துக்கு அருகே மனை வாங்கியவர், மாடி எழுப்பும் நேரத்தில் தடையில்லாச் சான்று இல்லாமல் திண்டாடுகிறார்.

இந்த மூன்றையும் அவிழ்க்க ஒரே கேள்வி போதும்: அங்கே எது யாருடையது? இந்தப் பாடம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம்.

பாடம் 1: ஒரே தளம், இரண்டு வீட்டுக்காரர்கள்

'சிவில் என்க்ளேவ்' என்ற சொல்லை விமான நிலையப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். 1994-ஆம் ஆண்டின் இந்திய விமான நிலையங்கள் ஆணையச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. படைகளுக்குச் சொந்தமான ஒரு விமான நிலையத்தில், பொதுமக்கள் விமானம் ஏறி இறங்கவும், அவர்களின் பெட்டிகளையும் சரக்குகளையும் கையாளவும் ஒதுக்கித் தரப்பட்ட பகுதிதான் சிவில் என்க்ளேவ்.

எளிமையாகச் சொன்னால், ஒரு பெரிய வளாகத்தின் ஓரத்தில் நமக்கென்று ஒதுக்கிய ஒரு போர்ஷன். அந்தப் போர்ஷனுக்குள் இருப்பவை: பயணிகள் முனையம், விமானம் நிற்கும் இடம், வாகன நிறுத்துமிடம். இவற்றைப் பெரும்பாலான இடங்களில் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் நடத்துகிறது. போர்ஷனுக்கு வெளியே இருப்பவை: ஓடுதளம், கட்டுப்பாட்டுக் கோபுரம், சுற்றுவேலி, வானத்தில் அந்தத் தளத்தைச் சுற்றியுள்ள பகுதி. இவை விமானப்படை அல்லது கடற்படையின் கையில்.

உங்கள் விமானி 'இறங்கலாமா?' என்று கேட்கும்போது பதில் சொல்பவர் ஒரு படை அதிகாரி. போர் விமானம் ஒன்று அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்றால், உங்கள் விமானம் காத்திருக்கும். இதில் வாதத்துக்கு இடமில்லை. அந்த ஓடுதளம் போடப்பட்டதே அதற்காகத்தான்.

இப்படிப்பட்ட தளங்கள் நாடு முழுவதும் உண்டு. லே, ஜம்மு, சண்டிகர், ஜோத்பூர், ஆக்ரா, குவாலியர், கோரக்பூர், தர்பங்கா, பாக்டோக்ரா ஆகியவை விமானப்படைத் தளங்கள். டெல்லிக்கு அருகே உள்ள ஹிண்டனும் அப்படித்தான். கோவாவில் கவனம் தேவை. அங்கே இரண்டு விமான நிலையங்கள் உண்டு. பழைய டபோலிம் நிலையம், ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. 2023 ஜனவரியில் சேவை தொடங்கிய மோபா நிலையம் முழுக்க சிவில் நிலையம். டிக்கெட்டில் ஜிஓஐ என்று இருந்தால் டபோலிம். ஜிஓஎக்ஸ் என்று இருந்தால் மோபா. பதிவு செய்யும்போதே இந்த மூன்றெழுத்தைப் பாருங்கள்.

ஏன் இப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்? காரணம் செலவு. புதிய விமான நிலையத்தில் நிலமும் ஓடுதளமும்தான் பெரிய செலவு. ஓடுதளம் ஏற்கெனவே தயாராக இருக்கும் இடத்தில், ஒரு முனையமும் விமானம் நிறுத்தும் தளமும் இணைப்புப் பாதையும் அமைத்தால் சேவையைத் தொடங்கிவிடலாம். உடான் திட்டத்தில் தர்பங்காவுக்கு 2020 நவம்பர் 8 அன்று பயணிகள் விமானம் வந்தது இந்த வழியில்தான்.

பாடம் 2: படைத் தளத்தில் சிவில் விமானம் எப்படி இறங்குகிறது?

யார் வேண்டுமானாலும் வந்து இறங்கும் இடம் இல்லை அது. வரும் விமானத்தின் வகையைப் பொறுத்து வழிமுறை மாறும்.

முதல் வகை, நாம் டிக்கெட் வாங்கும் அட்டவணை விமானம். விமான நிறுவனங்களின் கால அட்டவணையைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கும் குளிர்காலத்துக்கும், அனுமதிக்கிறது. படைத் தளம் என்றால், எந்த நேரத்தில் எத்தனை விமானம் வரலாம் என்பதற்கு அந்தப் படையின் சம்மதம் வேண்டும். இப்படி ஒதுக்கப்படும் நேரத்தைத்தான் 'ஸ்லாட்' என்கிறார்கள். 'புனேக்கு ராத்திரி நேரத்தில் இவ்வளவு விமானம், பகலில் ஏன் குறைவு?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதிலின் ஒரு பகுதி. டபோலிமில் வார நாட்களின் முற்பகல் நேரம் நீண்ட காலம் கடற்படையின் பயிற்சிப் பறத்தலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் வகை, தனியார் விமானம், வாடகை விமானம், ஹெலிகாப்டர். இவை தளத்தின் முன் அனுமதி பெற வேண்டும். அதோடு, இந்திய வானில் பறக்கும் விமானத்துக்குப் பொதுவாக 'வான் பாதுகாப்பு அனுமதி எண்' ஒன்றும் தேவை. ஏடிசி எண் என்று துறையில் சொல்வார்கள். 'இது நம்ம விமானம்தான், சந்தேகப்பட வேண்டாம்' என்று விமானப்படையின் ரேடார்களுக்குத் தெரிவிக்கும் எண் அது. தேர்தல் நேரத்தில் தலைவர்களின் ஹெலிகாப்டர் கிளம்பத் தாமதமானால் 'கிளியரன்ஸ் வரலை' என்று செய்தியில் வருமே, அந்தக் கிளியரன்ஸ்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் வகை, ஆபத்தில் இருக்கும் விமானம். இன்ஜின் கோளாறு, பயணிக்கு உயிராபத்து, எரிபொருள் குறைவு என்று விமானி அவசரநிலையை அறிவித்தால், அருகில் எந்த ஓடுதளம் பாதுகாப்போ அங்கே இறங்கலாம். அது படைத் தளமாக இருந்தாலும் சரி. உயிரைக் காப்பதற்குப் பிறகுதான் காகித வேலை.

தளமே முழுதாகப் பொதுமக்களுக்குத் திறந்த சம்பவமும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுதளம் நீரில் மூழ்கி, சேவை முழுதாக நின்றது. அப்போது கைகொடுத்தது அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி. இது கடற்படையின் தளம். ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அங்கே முறையான பயணிகள் முனையம் கிடையாது. ஆனாலும் சில நாட்கள் அங்கிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. சென்னையில் சிக்கியவர்கள் சாலை வழியாக அரக்கோணம் போய் விமானம் ஏறினார்கள். கடற்படை இடம் கொடுத்தது. விமான நிறுவனங்களும் சிவில் அதிகாரிகளும் சேவையை நடத்தினார்கள். தேவை முடிந்ததும் தளம் பழையபடி கடற்படையின் வேலைக்குத் திரும்பியது. விதிகள் கடுமையானவை என்றாலும், மக்களுக்கு ஆபத்து என்றால் கதவு திறக்கும் என்பதற்கு இது நம் கண் முன்னே நடந்த சாட்சி.

பாடம் 3: உங்கள் கைபேசியும் கேமராவும்

'ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா என்ன ஆகிடப்போகுது?' என்று நினைக்கலாம். கொஞ்சம் யோசிப்போம்.

ஜன்னல் வழியாக நீங்கள் எடுக்கும் படத்தில் மேகம் மட்டும் விழுவதில்லை. எத்தனை போர் விமானங்கள் வெளியே நிற்கின்றன, அவற்றை மூடிவைக்கும் கூடங்கள் எங்கே, எரிபொருள் கிடங்கு எங்கே, ஓடுதளத்தின் எந்தப் பகுதி பழுது பார்க்கப்படுகிறது என்பதெல்லாம் விழும். உங்கள் கைபேசி எந்த நாள், எந்த நொடி, எந்த இடம் என்ற விவரத்தையும் படத்தோடு சேர்த்தே பதிவு செய்யலாம். உங்களுக்கு அது நினைவுப் படம். வேண்டாத கண்ணுக்கு அது தேதி போட்ட வரைபடம்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டுகள் போடப்பட்டன. பொதுமக்கள் ஏறி இறங்கும் ஜம்மு விமான நிலையமும் அதே தளத்தில்தான் இருக்கிறது.

இப்போது விதிகளைப் பார்ப்போம்.

• 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13-ஆவது விதி, அரசு விமான நிலையத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பயணிகளுக்குச் சில தளர்வுகள் பிற்பாடு வந்தன. படைத் தளங்களில் அந்தத் தளர்வை நம்பிக் கேமராவை எடுக்காதீர்கள்.

• 2025 மே மாதம் டிஜிசிஏ ஒரு தெளிவான உத்தரவு போட்டது. படைத் தளங்களில், குறிப்பாக மேற்கு எல்லையை ஒட்டிய தளங்களில், மேலே ஏறும்போது 10,000 அடி உயரம் தாண்டும் வரையிலும், இறங்கும்போது 10,000 அடிக்குக் கீழே வந்ததிலிருந்து முனையத்தில் நிற்கும் வரையிலும் ஜன்னல் திரைகளை மூடி வைக்க வேண்டும் என்றது. அவசர வழி உள்ள வரிசைக்கு மட்டும் விலக்கு. பயணிகள் போட்டோவும் வீடியோவும் எடுக்கக் கூடாது, மீறினால் சட்ட நடவடிக்கை வரும் என்பதை விமானத்திலேயே அறிவிக்கவும் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

• 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியங்கள் சட்டம், படைத் தளங்களைத் 'தடை செய்யப்பட்ட இடம்' என்ற வகையில் வைக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு அங்கே படம் எடுப்பது, வரைவது, தகவல் சேர்ப்பது பெரும் குற்றம். படைத் தளம் சம்பந்தப்பட்டதென்றால் தண்டனை 14 ஆண்டு சிறை வரை போகலாம்.

பயந்துவிட வேண்டாம். ஆர்வக் கோளாறில் ஒரு படம் எடுத்த பயணியை யாரும் உடனே உளவாளி ஆக்கிவிடுவதில்லை. ஆனால் 'நோக்கம் கெட்டதில்லை' என்பதை விளக்கும் வரை உங்கள் கைபேசி அதிகாரியின் கையில் இருக்கும். உங்கள் இணைப்பு விமானம் போய்விடும். ஒரு படத்துக்காக அந்த விலை வேண்டுமா?

திரை மூடும் விதி போன்றவை சூழ்நிலையைப் பொறுத்து இறுகும், தளரும். எந்த நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விமானப் பணியாளர் சொல்வதைக் கேட்டால் போதும். அதற்கு மேல் நம் பக்கத்தில் மூன்று பழக்கங்கள்:

1. விமானம் கீழே இறங்கத் தொடங்கியதும் கைபேசியை உறையில் போடுங்கள். விமானத்திலிருந்து முனையம் வரை நடக்கும்போதும், பேருந்தில் போகும்போதும் எடுக்க வேண்டாம்.
2. அந்த நேரத்தில் நேரலை, இருப்பிடப் பகிர்வு இரண்டும் வேண்டாம். வீட்டுக்குத் தகவல் சொல்ல, முனையத்துக்குள் வந்து ஒரு அழைப்பு போதும்.
3. தெரியாமல் எடுத்துவிட்டீர்கள், அதிகாரி கேட்கிறார் என்றால், வாக்குவாதம் செய்யாதீர்கள், மறைக்காதீர்கள். காட்டுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். குழந்தைகள் கையில் போன் இருந்தால் அதற்கும் பொறுப்பு நாம்தான்.

பாடம் 4: 'தளம் மூடல்' என்றால் உங்கள் பணம் என்ன ஆகும்?

படைத் தளங்கள் இரண்டு விதமாக மூடப்படும்.

ஒன்று, முன்கூட்டியே அறிவித்து மூடுவது. ஓடுதளத்தின் பராமரிப்பு படையின் பொறுப்பு என்பதால், எப்போது மூடுவது என்பதும் அவர்கள் முடிவு. 2021-ல் ஓடுதளத்தை மறுசீரமைக்க புனே நிலையம் அக்டோபர் 16 முதல் 29 வரை முழுதாக மூடப்பட்டது. 2022-ல் பாக்டோக்ரா ஏப்ரல் 11 முதல் 25 வரை மூடப்பட்டது. டார்ஜிலிங், சிக்கிம் போகிறவர்களுக்கு வாசல் பாக்டோக்ராதான். சுற்றுலாப் பருவத்தில் இரண்டு வாரம் வாசல் அடைத்தால் எத்தனை பேர் திட்டம் மாறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, திடீரென்று மூடுவது. 2025 மே மாதத்தில் எல்லையில் பதற்றம் ஏற்பட்டபோது, வடக்கிலும் மேற்கிலும் உள்ள 32 விமான நிலையங்கள் சிவில் விமானங்களுக்கு மூடப்பட்டன. மே 15 காலை வரை என்று அறிவிக்கப்பட்டு, நிலைமை தணிந்ததும் மே 12 அன்றே திறக்கப்பட்டன. ஸ்ரீநகர், ஜம்மு, சண்டிகர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

இங்கேதான் 'எது யாருடையது' என்ற கேள்வி காசு விஷயமாக மாறுகிறது. ஓடுதளத்தை மூடியது படை. ஆனால் உங்களிடம் பணம் வாங்கியது விமான நிறுவனம். எனவே உங்கள் கணக்கு விமான நிறுவனத்தோடுதான். டிஜிசிஏ விதிகள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கின்றன. இந்த வித்தியாசத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் பணம்: நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானமா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. ரத்துக்குக் காரணம் எதுவானாலும் இது மாறாது. 'கிரெடிட் ஷெல்லில் போட்டிருக்கோம், பிறகு பயன்படுத்திக்கோங்க' என்றால், சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இழப்பீடு: இது டிக்கெட் பணத்துக்கு மேலே, தொந்தரவுக்காகத் தருவது. ரத்தாவதை 24 மணி நேரத்துக்கு முன்னால்கூடச் சொல்லவில்லை என்றால், பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் ரூ.5,000, 2 மணி வரை என்றால் ரூ.7,500, அதற்கு மேல் என்றால் ரூ.10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத அசாதாரண சூழ்நிலை என்றால் இழப்பீடு கிடையாது. வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு எல்லாம் அதில் அடங்கும். 2025 மே போன்ற மூடலில் இழப்பீடு கேட்டுப் பயனில்லை. டிக்கெட் பணத்தைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு மூடல் வேறு கதை. மூடப்போவது நிறுவனத்துக்கு முன்னமே தெரியும். உங்களிடம் கடைசி நாளில் 'விமானப்படை மூடிட்டாங்க சார்' என்றால், 'உங்களுக்கு எப்போ தெரியும்? எனக்கு ஏன் சொல்லலை?' என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியும் பதிலும்தான் நாளைக்கு உங்கள் ஆதாரம்.

கைபேசியில் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால், செய்தி உங்களுக்கு வராது. தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றே விதி சொல்கிறது.
2. ரத்து செய்தி வந்ததும், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிஎன்ஆர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. நிறுவனத்தின் ஆப்பில் அல்லது இணையதளத்தில் 'பணம் திரும்ப வேண்டும்' என்று பதிவு செய்யுங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள்.
4. பதில் திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கும், பிறகு மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதுங்கள். இவர்களின் பெயரும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.
5. அங்கேயும் முடியவில்லை என்றால், மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் அல்லது ஆப்பில் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்கலாம்.
6. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குத்தான் வழி என்றால், நுகர்வோர் ஆணையத்தில் 'இ-ஜாக்ரிதி' மூலம் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

இன்னொரு சின்ன அறிவுரை. படைத் தளத்தில் இறங்கி, வேறு நிறுவனத்தின் விமானமோ ரயிலோ பிடிக்கத் திட்டமிட்டால், நடுவே நிறைய நேரம் விடுங்கள். கிளம்பும்போதும் அப்படியே. ஸ்ரீநகரில் முனையத்துக்கு வெகுமுன்பே, வெளிவாசலிலேயே வண்டியை நிறுத்தி, ஆட்களையும் பெட்டிகளையும் சோதிக்கிறார்கள். உள்ளே போனதும் மறுபடி சோதனை. மீனம்பாக்கத்துக்குப் போகிற கணக்கில் போனால் விமானம் போய்விடும்.

பாடம் 5: தளத்துக்கு அருகில் வீடு இருந்தால்

இதுவரை பயணியாகப் பேசினோம். பயணமே போகாதவருக்கும் படைத் தளத்தின் விதிகள் பொருந்தும், வீடு பக்கத்தில் இருந்தால். நம் மாநிலத்தில் தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் ஆகியவை விமானப்படைத் தளங்கள். அரக்கோணம் ராஜாளியும், ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்தும் கடற்படைத் தளங்கள்.

உயரம்: விமானம் ஏறும், இறங்கும் பாதையில் உயரமான கட்டடம் இருக்கக் கூடாது. இதற்கென்று 2015-ல் மத்திய அரசு உயரக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. சிவில் நிலையம் என்றால் தடையில்லாச் சான்று தருவது விமான நிலையங்கள் ஆணையம். படைத் தளம் என்றால் அந்தப் படையின் அதிகாரிகள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் தவறான வாசலில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தாம்பரம் பகுதி மக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மீனம்பாக்கமும் பக்கம், விமானப்படைத் தளமும் பக்கம். உங்கள் மனை இரண்டின் எல்லைக்குள்ளும் வரலாம்.

மனை வாங்கும் முன்பே, திட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் கேளுங்கள்: 'இந்தச் சர்வே எண்ணுக்கு எந்தத் தளத்தின் உயரக் கட்டுப்பாடு வருது? எத்தனை அடி வரை அனுமதி?' சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், உள்ளாட்சி அமைப்பு. சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக மனையின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையும், கடல் மட்டத்திலிருந்து மனையின் உயரமும் கேட்பார்கள். கைபேசி வரைபடத்தில் விரலை வைத்து எடுத்த எண் இதற்குப் போதாது. தகுதியான நில அளவையாளரிடம் அளந்து வாங்க வேண்டும். அதோடு, 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டப்படி, தளத்தின் சுவரை ஒட்டிய நிலத்தில் கட்டடத்துக்கே அரசு தடை அறிவிக்க முடியும். 'சுவருக்குப் பக்கத்து மனை, விலை குறைவு' என்று தரகர் சொன்னால், விலை ஏன் குறைவு என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ட்ரோன்: கல்யாண வீடியோ, கோயில் திருவிழா என்று இப்போது எல்லா இடத்திலும் ட்ரோன் பறக்கிறது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் பச்சை மண்டலம் 200 அடி உயரம் வரை மட்டும்தான். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு விமானி சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டல விதியிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை. 'டிஜிட்டல் ஸ்கை' வான்வெளி வரைபடத்தைக் கைபேசியில் திறந்து, மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ட்ரோன் விதியை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம். படைத் தளத்தின் மேல் பறந்தால் அபராதத்தோடு முடியாது.

குப்பை: விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை ஈர்க்கும்படி திறந்த வெளியில் குப்பை, கழிவு கொட்டுவதையும், கால்நடைகளை அறுத்துத் தோலுரிப்பதையும் விமான விதிகள் தடுக்கின்றன. ஒரு கழுகு இன்ஜினில் மோதினால் போர் விமானமானாலும் பயணிகள் விமானமானாலும் ஆபத்து ஒன்றுதான். உங்கள் பகுதியில் இறைச்சிக் கழிவு கொட்டப்படுவதைப் பார்த்தால், உள்ளாட்சி அமைப்பின் புகார் எண்ணில் படத்தோடு பதியுங்கள். அந்தப் படத்தில் தளத்தின் சுவரோ வாசலோ விழாதபடி எடுங்கள்!

அடுத்து நம் ஊருக்கும் வரலாம்

உடான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தேர்வான இடங்களில் தஞ்சாவூரும் ராமநாதபுரமும் உண்டு. தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி சேர்க்கப்பட்டது. ராமநாதபுரத்துக்கு உச்சிப்புளித் தளம். இரண்டும் படைத் தளங்கள் என்பதால், பயணிகள் சேவை வரும்போது சிவில் என்க்ளேவ் வழியாகத்தான் வரும். உடான் திட்டத்தில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு: தேவையான நிலத்தை இலவசமாகத் தருவது, காவல், தீயணைப்புச் சேவைகளைக் கட்டணமின்றித் தருவது.

பெரிய கோயிலையும் ராமேஸ்வரத்தையும் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் அன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் கைபேசியை எடுக்கப் பார்ப்பார்கள். 'உள்ளே வையுங்க, இது படைத் தளம்' என்று பக்கத்து இருக்கையிலிருந்து சொல்பவர் நீங்களாக இருக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முனையத்துக்குள் செல்ஃபி எடுக்கலாமா?*
அது சிவில் பகுதி. அறிவிப்புப் பலகையில் தடை இல்லை, ஓடுதளமோ பாதுகாப்புச் சோதனையோ படத்தில் விழவில்லை என்றால் பொதுவாகச் சிக்கல் வராது. சந்தேகம் இருந்தால் அங்கே நிற்கும் பாதுகாவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

*விமானம் தரையிறங்கி அரை மணி நேரமாக நிற்கிறது, யாரிடம் புகார் செய்வது?*
ஓடுதளத்தில் படை விமானங்கள் பறந்துகொண்டிருக்கலாம்; முன்னுரிமை அவர்களுக்கு. பணியாளரிடம் தண்ணீர், மருத்துவ உதவி கேளுங்கள். இறங்கிய பிறகு சேவைக் குறை இருந்தால் நிறுவனத்திடமும், பிறகு ஏர்சேவாவிலும் பதியலாம்.

*தளம் எப்போது மூடும் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாமா?*
முனையம், வசதிகள் பற்றி விமான நிலையங்கள் ஆணையத்திடம் கேட்கலாம். நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தராமல் இருக்க 8(1)(அ) பிரிவு இடம் கொடுக்கிறது. பயணத் தேதிக்கு, விமான நிறுவனத்தின் அறிவிப்பும் அந்த நிலையத்தின் அதிகாரப்பூர்வப் பக்கமும் போதும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

• இறங்கும் நிலையம் படைத் தளமா என்று பாருங்கள்.
• டிக்கெட்டில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
• முதல் நாளே விமானத்தின் நிலையைச் சரிபாருங்கள்.
• சோதனைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.
• இறங்கத் தொடங்கியதும் கைபேசியை உள்ளே வையுங்கள்.

வீட்டில் யாராவது இந்த ஊர்களுக்குக் கிளம்பினால், இந்த ஐந்து வரிகளையும் அவர்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். பயணம் இனிதாகட்டும்!